உயிலும் அதன் மெய்ப்பும்
சென்னை நகரத்து ஸ்தாவர சொத்தை வாரிசின் பெயருக்குக் கொணரும் முறை

குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் காலமாகி, அவர் எழுதி வைத்த உயில் உறவினர் முன்னிலையில் வாசிக்கப்பட்டு, ஒருவரும் ஒரு சொல்லும் மறுத்துப் பேசாமல் கலைந்துவிட்டால், சொத்து உரியவர் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று எண்ணி நிம்மதி அடைவது இயல்பே. ஆயினும் சட்டத்தின் முன் அந்தக் காகிதம் இன்னும் ஒரு கூற்று மாத்திரமே. அது இறந்தவரால், சித்த சுவாதீனத்தோடு, தம் சுய இச்சையின்படி எழுதி ஒப்பமிடப்பட்ட கடைசி சாசனம் என்பது மெய்ப்பிக்கப்படும்போதுதான், அதில் கண்ட பாத்தியதைகளுக்கு உலகம் கட்டுப்படும். அந்த மெய்ப்பை நீதிமன்றத்தின் முத்திரையோடு பெறுவதையே புரோபேட் என்கிறோம். இந்த அத்தியாயம், சென்னையில் வீடோ மனையோ விட்டுச் சென்ற ஓர் இந்துவின் உயிலை எடுத்துக்கொண்டு, அதைப் புரோபேட்டின் வழியே வாரிசின் பெயருக்குக் கொண்டுவரும் முறையை விளக்க முற்படுகிறது. முஸ்லிம்களின் உயில் அவர்தம் சமயச் சட்டத்தைத் தழுவியதாகலின் இங்கே பேசப்படவில்லை.

உயிலின் பக்கம் திரும்புமுன், உரிமைப் பத்திரங்கள் என்று மயங்கிக் கொள்ளப்படும் மூன்று காகிதங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாசில்தார் அளிக்கும் வாரிசுச் சான்றிதழ், இறந்தவருக்கு இன்னின்னார் வாரிசுகள் என்று தெரிவிப்பதே தவிர, எந்தச் சொத்து யாருக்கு என்று தீர்ப்பதன்று. பட்டா மாற்றமும் அவ்வாறே; நிலவரி யாரிடம் வசூலிப்பது என்பதற்காக வருவாய்த் துறை வைத்திருக்கும் பதிவேட்டில் பெயர் மாறுவதால் உரிமை பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. மூன்றாவது, பாங்கிக் கணக்கிலும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் எழுதப்படும் நாமினியின் பெயர். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கையேயன்றி, அதை அனுபவிக்கும் பாத்தியதை உடையவர் அல்லர் என்பது இன்ஷூரன்ஸ் பாலிசி விஷயத்தில் 1983-லும், கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் 2023-லும் உச்ச நீதிமன்றத்தால் தீர்க்கப்பட்டது. ஆயினும் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பெற்றோரோ, மனைவியோ, கணவரோ, மக்களோ நாமினியானால் பணத்தின் பாத்தியதை அவருக்கே என்று 2015-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் மாற்றியிருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பத்து வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டு, வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்கும் முதல் கேள்விக்கே விடை தெரியாமல் விழிக்கும் குடும்பங்கள் இந்நகரில் ஏராளம்.

உயிலே இல்லாமல் இறந்தவரின் சொத்துக்குப் புரோபேட் என்ற பேச்சே இல்லை. இந்து ஆணாயின், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும், மனைவியும், மகன்களும், மகள்களும் முதல் வகுப்பு வாரிசுகளாகச் சமபங்கு பெறுவர். தகப்பனார் அந்த வகுப்பில் இல்லை என்பதைப் பலர் அறியார். அவர்கள் தமக்குள் பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்துகொள்வதே அங்கு வழக்கமான மார்க்கம். உயில் இருப்பின் கதை வேறாகிறது. பங்கு பெறாத மகனும் இருக்கலாம், அதிகம் பெற்ற மகளும் இருக்கலாம், உறவே இல்லாத ஒரு பணியாளோ கோயிலோ பெயர் பெற்றிருக்கலாம். அத்தகைய ஏற்பாட்டை நிலைநாட்டுவதற்கே மெய்ப்பு வேண்டியதாகிறது.

சென்னைவாசிகளுக்கு இவ்விஷயத்தில் நெடுங்காலமாக ஒரு விசேஷ நிர்ப்பந்தம் இருந்து வந்தது. 1870-ஆம் வருஷத்து இந்து உயில்கள் சட்டம், வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மாத்திரம் இயற்றப்பட்டது. அதன் சாரம் பின்னர் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57, 213-ஆம் பிரிவுகளில் புகுந்தது. அதன்படி, சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் எழுதப்பட்ட உயிலாயினும், வெளியூரில் எழுதப்பட்டு அந்த எல்லைக்குள் உள்ள ஸ்தாவர சொத்தைக் குறித்த உயிலாயினும், புரோபேட் பெறாமல் அதைக் கொண்டு எந்த நீதிமன்றத்திலும் பாத்தியதை நாட்ட இயலாதிருந்தது. திருவாரூரில் இருந்துகொண்டு திருவாரூர் நஞ்சையைப் பற்றி உயில் எழுதியவரின் மக்களுக்கு இல்லாத கட்டாயம், மயிலாப்பூரில் வீடு வைத்திருந்தவரின் மக்களுக்கு இருந்தது. கிறிஸ்தவர்களுக்கு 2002-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் இதிலிருந்து விலக்குக் கிடைத்தது. 2025 டிசம்பரில் பார்லிமெண்டு 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. ஊரையும் மதத்தையும் பார்த்து விதிக்கப்பட்ட இந்த வேற்றுமை அதனோடு ஒழிந்தது. நீக்கியது நியாயமே.

ஆனால் இங்கேதான் நான் வாசகரைச் சற்று நிறுத்தி எச்சரிக்க விரும்புகிறேன். நீங்கியது புரோபேட் பெற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம். நீங்காதது உயிலை மெய்ப்பிக்க வேண்டும் என்ற பொறுப்பு. புரோபேட் வழங்கும் நீதிமன்றத்தின் அதிகாரம் முன்போலவே இருக்கிறது, மனுச் செய்யும் உரிமையும் இருக்கிறது. கட்டாயம் இருந்த காலத்தில், விருப்பமில்லாதவரும் வக்கீலிடம் போயாக வேண்டியிருந்தது. போன இடத்தில் சாட்சிகள் எங்கே என்று அவர் கேட்பார். அவர்களும் தேடிப் பிடிக்கப்பட்டு, அவர்களுடைய வாக்கு எழுத்தில் ஏறிவிடும். இனிமேல் அந்த உந்துதல் இல்லை. உயிலை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வருஷங்களைக் கழித்துவிடும் சௌகரியம் வந்திருக்கிறது. அந்த வருஷங்களில் அழிவது காகிதம் அன்று, சாட்சிகளின் ஆயுள்.

உயிலின் உயிர் சாட்சியிடத்தில் இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளச் சட்டத்தின் இரண்டு விதிகள் போதும். வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, உயில் எழுதியவர் ஒப்பமிட வேண்டும் என்றும், இரண்டு சாட்சிகளேனும் அவர் ஒப்பமிடுவதைக் கண்டிருக்கவோ, இது தம் ஒப்பமே என்று அவர் சொல்லக் கேட்டிருக்கவோ வேண்டும் என்றும், ஒவ்வொரு சாட்சியும் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும் என்றும் விதிக்கிறது. சாட்சிகள் இருவரும் ஒரே வேளையில் உடனிருக்க வேண்டுமென்பதில்லை. மற்றொரு விதி, 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 68-ஆம் பிரிவாக இருந்து, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 67-ஆம் பிரிவாக நிற்கிறது: சாட்சிகளுள் ஒருவரேனும் உயிரோடிருந்து, கோர்ட்டு அழைத்தால் வந்து சொல்லத்தக்க நிலையில் இருப்பாராயின், அவரை விசாரியாமல் உயிலைச் சான்றாகக் கொள்ளலாகாது. எதிர்த்தரப்பார் மறுக்கவில்லை என்பதால் மற்றப் பத்திரங்களுக்குக் கிடைக்கும் சலுகை உயிலுக்குக் கிடையாது. ரிஜிஸ்தர் ஆபீஸில் பதிவு செய்த உயிலுக்கும் விலக்கு இல்லை. முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட பழைய பத்திரங்கள் ஒழுங்காக எழுதப்பட்டவை என்று அனுமானிக்கலாம் என்ற விதியும் உயிலுக்குப் பொருந்தாது.

உயில் எழுதுபவர்கள் சாட்சிக்கு யாரை அழைக்கிறார்கள் என்று பாருங்கள். எதிர்வீட்டு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், நாற்பது வருஷமாக வைத்தியம் பார்க்கும் குடும்ப டாக்டர், உடன் வேலை பார்த்த நண்பர் என்று நம்பிக்கைக்கு உரியவர்களாகவும் தம் வயதை ஒத்தவர்களாகவும் பார்த்தே அழைக்கிறார்கள். எண்பது வயதில் எழுதியவர் எண்பத்தெட்டில் காலமானால், சாட்சிகளும் அந்த வாசலிலேயே நிற்கிறார்கள். ஒருவர் மகனோடு அமெரிக்கா போயிருப்பார். மற்றவருக்கு ஞாபகம் மங்கியிருக்கும். ஆகையால், உயில் வாசித்த பிறகு செய்யத்தக்க காரியங்களில் முதலாவது, இரு சாட்சிகளும் இருக்குமிடத்தை அறிந்து நேரில் போய்ப் பார்ப்பது. உயில் எந்த அறையில் எழுதப்பட்டது, உடன் யார் இருந்தனர், பெரியவர் அதை வாசித்துப் பார்த்தாரா, மற்றச் சாட்சி கையொப்பமிட்டதைத் தாம் பார்த்தாரா என்பவற்றை அவர் வாயால் கேட்டறிய வேண்டும். ஒரு சாட்சியை மட்டும் விசாரிக்கும்போது அவர் இருவரது கையொப்பத்தைப் பற்றியும் பேசவேண்டியிருக்கும். அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அது பாவம் மட்டுமன்று, குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டு உயிலையே கெடுத்துவிடும். இருவருமே இறந்துவிட்ட இடத்தில், சாட்சி ஒருவரின் கையெழுத்தையும் உயில் எழுதியவரின் கையெழுத்தையும் அறிந்தவர்களைக் கொண்டு மெய்ப்பிக்கச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. அதன் பொருட்டு அவர்களுடைய பழைய கடிதங்களையும் பாங்கிக் காகிதங்களையும் எறிந்துவிடாமல் காப்பது நலம்.

சாட்சியின் வாக்கு மட்டும் போதுமா என்றால், அதுவும் எப்பொழுதும் போதுவதில்லை. 1958-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றளவும் இத்துறைக்கு அஸ்திவாரமாக விளங்குகிறது. உயிலை எழுதியவர் வந்து பேச முடியாத நிலையில் அது கோர்ட்டுக்கு வருகிறதாதலால், அதைச் சூழ்ந்து சந்தேகத்துக்கு இடமான சந்தர்ப்பங்கள் இருப்பின் அவற்றை நீக்கும் பாரம் உயிலைக் கொண்டு வருபவர் மேலேயே சாரும் என்பது அதன் சாரம். நடுங்கிய கையெழுத்து, நோயால் தளர்ந்த மனம், மனைவியையும் மக்களையும் காரணம் கூறாமல் ஒதுக்கிய ஏற்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக, உயிலால் பெரும்பயன் பெறுகிறவரே வக்கீலை அழைத்து வந்து, வாசகம் சொல்லி, சாட்சிகளையும் தேடிக் கொடுத்திருத்தல் ஆகியவை அத்தகைய சந்தர்ப்பங்கள். பெற்றோரைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றிய மகளுக்கே வீடு முழுவதும் எழுதப்பட்டிருக்கும். அவளே அன்று பெரியவரைக் கைப்பிடித்து ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு அழைத்துச் சென்றும் இருப்பாள். காப்பாற்றியவள் உடனிருந்தது குற்றமாகாது. ஆயினும் விளக்கம் வேண்டிய சங்கதியாகிவிடுகிறது. அந்த மகள் அஞ்ச வேண்டியதில்லை. அக்காலத்து மருத்துவச் சீட்டுகள், பெரியவர் தாமே பாங்கிக்குச் சென்று வந்ததற்கான அடையாளங்கள், பிற மக்களுக்கு முன்பே கொடுத்திருந்த பணம் நகைகளின் விவரம் ஆகியவற்றைத் திரட்டி வைத்தால், அந்த ஏற்பாடு இயல்பானதே என்று நியாயாதிபதிக்குப் புலப்படும்.

இனி மனுவின் போக்கைப் பார்ப்போம். உயிலில் நிறைவேற்றுநராகப் பெயர் குறிக்கப்பட்டவருக்கே புரோபேட் வழங்கப்படும். அத்தகையவர் குறிக்கப்படாமலோ, குறிக்கப்பட்டவர் இறந்தோ மறுத்தோ போயிருந்தாலோ, உயிலால் பயன் பெறுபவர், உயில் இணைத்த நிர்வாகப் பத்திரம் கேட்டு மனுச் செய்ய வேண்டும். பயன் ஏறக்குறைய ஒன்றே, ஆயினும் நிர்வாகிக்கு ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்கும் கடமை உண்டு. மரணத்துக்குப் பின் 7 நாள் கழியாமல் புரோபேட்டும், 14 நாள் கழியாமல் நிர்வாகப் பத்திரமும் வழங்கப்படா. தாமதத்துக்கோ இவ்வளவு தெளிவான எல்லை சொல்லமுடியாது. 3 வருஷத்துக் காலவரையறை இம்மனுவுக்கும் பொருந்தும் என்று 2008-ல் தீர்க்கப்பட்டாலும், அது மரண நாளிலிருந்தே ஓடுவதன்று, மனுச் செய்யும் அவசியம் எழுந்த நாளிலிருந்து எண்ணப்படுவது என்பதும் அத்துடனேயே சொல்லப்பட்டிருக்கிறது. 3 வருஷம் கடந்த மனுவில் தாமதத்தின் காரணத்தை விளக்க வேண்டும். விளங்காத தாமதம் சந்தேகத்துக்கு ஒரு காரணமாகவும் ஆகிவிடக்கூடும்.

சென்னை நகரத்துச் சொத்தானால் மனு உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவில் தாக்கல் செய்யப்படும். வெளி மாவட்டங்களில் ஜில்லா நீதிபதியே அதிகாரி. மரணத் தேதி, இணைத்திருப்பது இறந்தவரின் கடைசி உயிலே என்பது, அது முறைப்படி நிறைவேறியது, மனுதாரர் கைக்கு வரக்கூடிய சொத்தின் மதிப்பு, மனுதாரரே உயிலில் கண்ட நிறைவேற்றுநர் என்பது ஆகிய இவற்றை மனு சொல்ல வேண்டும். அசல் உயில், மரணச் சான்றிதழ், வாரிசுகளின் முழு விவரம், சொத்து மதிப்பைக் காட்டும் பிரமாண வாக்குமூலம், சாட்சி ஒருவரின் பிரமாண வாக்குமூலம் இவை உடன் போகும். வாரிசுகளின் பட்டியலில் கோபித்துக்கொண்டு போன தம்பியை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருபோதும் வேண்டாம். அழைக்கப்பட வேண்டியவரை அழைக்காமல் பெற்ற புரோபேட், பிற்பாடு 263-ஆம் பிரிவின்படி ரத்தாகக்கூடியது. வீடு அதற்குள் விலையாகியிருந்தால், வாங்கியவரும் அந்தத் துன்பத்தில் இழுக்கப்படுவார். மாறாக, சம்மதிக்கும் வாரிசுகள் தத்தம் சம்மத வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் காரியம் வெகுவாக எளிதாகிறது. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் உறவு மிச்சமிருக்கும்போதே அதை வாங்கிவிடுவது உத்தமம். கோர்ட்டுக் கட்டணம் சொத்தின் மதிப்பைப் பொறுத்து ஏறுவதாகையால், அன்றைய விகிதத்தை வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுப் பணத்தைச் சேகரித்துக்கொள்ள வேண்டும்.

மனு ஏற்கப்பட்டதும் வாரிசுகளுக்கும் பொதுமக்களுக்கும் அறிவிப்பு வெளியாகும். எவரேனும் கேவியட் என்னும் ஆட்சேபத்தைத் தாக்கல் செய்தால், மனு வழக்காக மாறிப் புது எண் பெறும். சென்னையில் அதை டி.ஓ.எஸ். என்று வழங்குவர். அப்பொழுது மனுதாரர் வாதி, ஆட்சேபிப்பவர் பிரதிவாதி. ஆனால் யார் வேண்டுமானாலும் கேவியட் போட்டுவிட முடியாது; இறந்தவரின் சொத்தில் அவர் வழியாக வரும் ஓர் அக்கறை ஆட்சேபிப்பவருக்கு இருக்க வேண்டும். அந்த வீடு இறந்தவருடையதே அன்று, தம்முடையது என்று சொல்பவருக்கு இங்கே இடமில்லை. ஏனெனில் புரோபேட் நீதிமன்றம் தீர்ப்பது உயிலின் மெய்மையை மாத்திரமே. சொத்தின் மேல் இறந்தவருக்கு உரிமை இருந்ததா என்ற கேள்வி அதன் எல்லைக்கு வெளியே உள்ளது. உயிலில் எழுதிவிட்டதனால் தம்பியின் பாகமும் அண்ணனுடையதாகிவிடாது என்பதை, புரோபேட் கிடைத்த உற்சாகத்தில் பலர் மறந்துபோகிறார்கள்.

அப்படியானால், கட்டாயம் நீங்கிய இக்காலத்தில் இவ்வளவு செலவும் சிரமமும் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். ஒரே மகன், ஒரே மகள், எல்லாரும் சம்மதம், சொத்தும் எளியது என்றால், புரோபேட்டுக்குப் போகாமலே பட்டாவையும் வரிப் பதிவையும் மாற்றிக்கொண்டு வாழலாம். நான் தடை சொல்லமாட்டேன். ஆயினும் உயில் ஒருவரையேனும் ஒதுக்கியிருந்தாலும், அயல் மனிதருக்குப் பயன் அளித்திருந்தாலும், சொத்தை விற்கும் எண்ணம் இருந்தாலும், தாமே போய்ப் பெற்றுக்கொள்வதே அறிவுடைமை. சாதாரண வழக்கின் தீர்ப்பு அதன் கட்சிக்காரர்களை மாத்திரம் கட்டும். புரோபேட்டோ உயிலின் மெய்மையைப் பற்றி உலகம் முழுவதையும் கட்டும், அதுவும் மரண நாளிலிருந்தே. அதன் பின் அந்த உயிலை மற்றொரு கோர்ட்டில் பொய்யென்று வாதிட எவருக்கும் இயலாது. சாட்சியின் வாக்கு அவர் ஆயுளோடு முடிந்துபோகாமல் தீர்ப்பாக உறைந்து நிற்பதற்கு இதைவிட நல்ல வழி வேறில்லை.

புரோபேட் கைக்கு வந்தவுடன் நிறைவேற்றுநரின் வேலை முடிந்துவிடுவதில்லை. உண்மையில் அப்பொழுதே தொடங்குகிறது. சொத்து அவரிடத்தில் நிற்பது தமக்காக அன்று. ஈமக் கிரியைகளுக்கு இறந்தவரின் நிலைமைக்கேற்ற நியாயமான செலவும், கடைசி நோயின் வைத்தியச் செலவும், மரணத்துக்கு முந்திய ஒரு மாதத்து ஊண் உறையுள் செலவும் மற்றக் கடன்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் கொடுபட வேண்டும்; அதன்பின் புரோபேட் பெற்ற செலவும், பணியாட்களின் 3 மாதத்துக் கூலி பாக்கியும், பிற கடன்களும்; எஞ்சியதிலிருந்தே உயிலில் கண்ட கொடைகள். ஆயாவுக்கும் தோட்டக்காரனுக்கும் சேரவேண்டியதை மக்களின் பங்குக்கு முன்னே வைத்த இந்த வரிசை, சட்டத்துக்கும் தர்மத்துக்கும் ஒருங்கே பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது. கொடைகளைக் கொடுத்து முடிக்க மரணத்திலிருந்து ஒரு வருஷம் அவகாசம் உண்டு.

வீட்டைப் பெயர் மாற்ற, புரோபேட்டின் சான்றிட்ட நகல்கள் சிலவற்றை ஒருசேர வாங்கிக்கொண்டு, மரணச் சான்றிதழோடும் தாய்ப்பத்திரத்தோடும் தாசில்தார் அலுவலகத்தில் பட்டா மாற்றத்துக்கும், மாநகராட்சியில் சொத்துவரிப் பெயர் மாற்றத்துக்கும், மின்சார வாரியத்திலும் குடிநீர் வாரியத்திலும் இணைப்பு மாற்றத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். வில்லங்கச் சான்று ஒன்றை எடுத்துப் பார்ப்பதும் அவசியம். பெரியவர் யாருக்கும் சொல்லாமல் வைத்த அடமானம் அதில்தான் தெரியவரும்.

கடைசியாக, புரோபேட் பெற்ற 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒரு வருஷத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் கோர்ட்டில் தாக்கல் செய்ய நிறைவேற்றுநர் கடமைப்பட்டவர். பட்டியலையும் கணக்கையும் படியெடுத்து, பங்கு பெற்ற உடன்பிறந்தாருக்கும் பெறாத உடன்பிறந்தாருக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிடுங்கள்.